இதயத்தில் இரண்டாவது மின்பாதை: ஈசிஜி முதல் ஈ.பி. ஸ்டடி, மருந்துச் சோதனை வரை முழுமையான வழிகாட்டி

மாஸ்டர் செக்கப்பில் எடுத்த ஈசிஜியில் ‘டபிள்யூ.பி.டபிள்யூ. பேட்டர்ன்’ என்று ஒரு வரி அச்சாகி வந்திருக்கும். அல்லது சில வருடங்களாகவே திடீரென்று நெஞ்சு படபடவென அடித்து, கொஞ்ச நேரத்தில் சுவிட்ச் போட்டதுபோல் நின்றுவிடும். எது நடந்திருந்தாலும் கேள்விகள் ஒன்றுதான்: இது ஆபத்தா, மாத்திரை போதுமா, இதயத்துக்குள் கம்பி அனுப்பி மின்பாதைகளை அளக்கும் ஈ.பி. ஸ்டடி வேண்டுமா?

சென்னையில் ஒரு கேத் லேபில், இந்தச் சோதனைகளின்போது பதிவுத் திரைக்கு முன்னால் உட்காரும் டெக்னீஷியன் நான். இதயத்தில் கூடுதலாக ஒரு மின்பாதை இருக்கிறதா இல்லையா என்று தெரிந்ததும் பலர் அதோடு நின்றுவிடுகிறார்கள். அந்தப் பாதை எவ்வளவு வேகமாகக் கடத்துகிறது, மருந்து கொடுத்தால் அந்த வேகம் எவ்வளவு மாறுகிறது என்பவைதான் சிகிச்சையை முடிவு செய்கின்றன. இரண்டையும் எண்ணாகவே அளக்க முடியும். அதை எப்படி அளக்கிறோம், நீங்கள் என்ன செய்ய வேண்டும் என்று வரிசையாகச் சொல்கிறேன்.

எந்தப் பாதையைப் பற்றிப் பேசுகிறோம்

இதயத் துடிப்பு வலது மேலறையில் இருக்கும் சைனஸ் கணுவில் தொடங்குகிறது. மேலறைகளில் பரவி, ஏ.வி. கணுவுக்கு வருகிறது. அங்கே கொஞ்சம் தாமதித்து, ஹிஸ் கற்றை, இடது கிளை, வலது கிளை வழியாகக் கீழறைகளுக்கு இறங்குகிறது. மேலறைக்கும் கீழறைக்கும் நடுவே மின்சாரம் கடத்தாத நார்த்திசு வளையம் இருப்பதால், இயல்பான இதயத்தில் ஏ.வி. கணுவைத் தவிர வேறு வழி கிடையாது. இந்தக் கணுவை 1906இல் ஜப்பானியரான சுனாவோ தவாரா ஜெர்மனியில் ஆய்வு செய்தபோது விவரித்தார்.

சிலருக்குக் கரு வளரும்போதே அந்த வளையத்தைத் தாண்டி ஒரு மெல்லிய தசைநார் மிச்சமாகிவிடுகிறது. அதுதான் இரண்டாவது பாதை. ஏ.வி. கணு ஏரி மதகைப் போன்றது. மேலே எவ்வளவு தண்ணீர் வந்தாலும் அளவாகத்தான் திறந்துவிடும். இரண்டாவது பாதை கரையில் விழுந்த உடைப்பு. வருவதை எல்லாம் அப்படியே கீழே விடும். வேகமாக மின்னலைகள் வரும்போது ஏ.வி. கணு தாமதத்தைக் கூட்டிக்கொண்டே போய் சிலவற்றை நிறுத்திவிடும். பெரும்பாலான கூடுதல் பாதைகளுக்கு அந்தக் குணம் இல்லை. கடத்தினால் முழு வேகத்தில் கடத்தும், இல்லையென்றால் சட்டென நின்றுவிடும். கீழே வரும் சோதனைகளில் பாதிக்கு மேல் இந்த ஒரு வேறுபாட்டை நம்பித்தான் நடக்கின்றன.

1930இல் வுல்ஃப், பார்க்கின்சன், வைட் ஆகிய மூவரும் 11 நோயாளிகளை வைத்து இந்த ஈசிஜி வடிவத்தை எழுதினார்கள். டபிள்யூ.பி.டபிள்யூ. என்பது அவர்களுடைய பெயர்களின் முதலெழுத்துகள். ஆயிரம் பேரில் ஒருவர் முதல் மூன்று பேர் வரை இந்த வடிவம் இருக்கும்.

இன்னொரு வகையும் உண்டு. பாதை கீழிருந்து மேலே மட்டும் கடத்தும். சாதாரண நேரத்தில் ஈசிஜி சுத்தமாக இருக்கும், படபடப்பு மட்டும் வரும். இதை மறைந்த பாதை என்கிறோம். இது தவிர, ஏ.வி. கணுவுக்குள்ளேயே இரண்டு வழிகள் இருந்து, அவற்றுக்கிடையே மின்னலை சுற்றுவதும் உண்டு. பெரியவர்களுக்குத் திடீரென வந்து திடீரென நிற்கும் படபடப்பில் இதுதான் அதிகம். மூன்றுக்கும் மருந்து ஒன்றல்ல. அதனால்தான் ‘படபடப்புக்கு ஒரு மாத்திரை’ என்று எழுதி வாங்கிக்கொண்டு போவதை நான் விரும்புவதில்லை.

ஆபத்து எங்கே இருக்கிறது

பொதுவாக வரும் படபடப்பில், மின்னலை ஏ.வி. கணு வழியாக இறங்கி, கூடுதல் பாதை வழியாக மேலே ஏறி, வட்டமாகச் சுற்றுகிறது. பல்ஸ் 150 முதல் 220 வரை போகலாம். பயமாக இருக்கும், மயக்கம்கூட வரலாம். ஆனாலும் இதயம் நன்றாக இருப்பவருக்கு இதனால் உயிர் போவது மிக அரிது.

கவலைப்பட வேண்டியது வேறொரு நிலை. மேலறைக் குறுநடுக்கம், அதாவது ஏஃபிப், வந்தால் மேலறையில் நிமிடத்துக்கு 350க்கு மேல் ஒழுங்கற்ற மின்னலைகள் ஓடும். ஏ.வி. கணு அவற்றை வடிகட்டும். கூடுதல் பாதை வடிகட்டாமல் அனுப்பினால் கீழறையும் அந்த வேகத்துக்குப் போய், கீழறை நடுக்கமாக மாறி, இதயம் நின்றுவிடலாம். அறிகுறியே இல்லாமல் ஈசிஜியில் மட்டும் பாதை தெரிகிறவர்களுக்கு இது ஆண்டுக்கு ஆயிரத்தில் ஒருவர் என்ற அளவிலோ அதற்கும் குறைவாகவோதான் நடக்கிறது. ஆனால் நடப்பது இளவயதில். அந்தச் சிலர் யார் என்று முன்கூட்டியே பிரித்தெடுக்கத்தான் சோதனை.

பிரிக்கும் கோடு 250 மில்லி செகண்ட். ஏஃபிப் ஓடும்போது கூடுதல் பாதை வழியாக அடுத்தடுத்து இறங்கிய இரண்டு துடிப்புகளுக்கு நடுவே இருந்த மிகக் குறைந்த இடைவெளி 250 அல்லது அதற்குக் கீழே என்றால் பாதை வேகமானது. ஈசிஜி தாளில் ஒரு சின்னக் கட்டம் 40 மில்லி செகண்ட், ஆக அது ஆறு சின்னக் கட்டத்துக்குக் கொஞ்சம் மேல்.

முதல் படி: படபடப்பு நேரத்து ஈசிஜியைப் பிடியுங்கள்

எல்லாச் சோதனைகளிலும் மலிவானது இது. பல நேரங்களில் ஈ.பி. ஸ்டடிக்குப் பாதி வழிகாட்டுவதும் இதுதான். படபடப்பு ஓடிக்கொண்டிருக்கும்போது எடுத்த 12 லீட் ஈசிஜி, அதாவது 12 கோணங்களில் பதிவான ஈசிஜி, கையில் இருந்தால் மருத்துவர் பேசும் விதமே மாறிவிடும்.

படபடப்பு ஆரம்பித்ததும் வீட்டுக்கு அருகில் ஈசிஜி எடுக்கும் கிளினிக்குக்கோ ஆஸ்பத்திரி அவசரப் பிரிவுக்கோ போங்கள். மயக்கம், நெஞ்சுவலி, மூச்சுத்திணறல் இருந்தால் நீங்களே வண்டி ஓட்டாமல் 108ஐக் கூப்பிடுங்கள். உள்ளே போனதும் “ஊசி போடுறதுக்கு முன்னாடி ஒரு ஈசிஜி எடுத்துடுங்க சார்” என்று கேளுங்கள். அப்புறம், ஊசி போட்டுப் படபடப்பு நிற்கும் அந்த நொடிகளையும் தாள் ஓடவிட்டுப் பதிவுசெய்யச் சொல்லுங்கள். படபடப்பு எப்படி நின்றது என்பதில் நிறைய விடை இருக்கிறது. அந்தத் துண்டுத் தாளைப் பெரும்பாலும் குப்பையில் போட்டுவிடுவார்கள். கேட்டு வாங்குங்கள்.

ஈசிஜி தாள் வெப்பத்தில் அச்சாகும் தாள். சென்னை வெயிலில், பிளாஸ்டிக் உறைக்குள், வண்டிப் பெட்டியில் கிடந்தால் சில மாதங்களில் வெளுத்துப்போகும். அன்றைக்கே போனில் படம் எடுங்கள், ஒரு ஜெராக்ஸும் போட்டு வையுங்கள்.

வீட்டிலேயே நிறுத்திப் பார்க்க ஒரு முறை உண்டு. பாதி சாய்ந்து உட்கார்ந்து, 15 நொடி முக்கி, உடனே மல்லாக்கப் படுத்து, இன்னொருவர் கால்கள் இரண்டையும் 45 பாகைக்கு 15 நொடி தூக்கிப் பிடிக்க வேண்டும். 2015இல் வெளியான இங்கிலாந்து ஆய்வில், இப்படிச் செய்தவர்களில் 43 சதவீதம் பேருக்குத் துடிப்பு இயல்புக்கு வந்தது. கால் தூக்காமல் முக்கியவர்களில் 17 சதவீதம்தான். இதை உங்கள் மருத்துவரிடம் ஒருமுறை செய்துகாட்டிக் கற்றுக்கொள்ளுங்கள்.

இரண்டாம் படி: ஊசி இல்லாத சோதனைகள்

சாதாரண ஈசிஜியில் நாங்கள் பார்ப்பது மூன்று: பி.ஆர். இடைவெளி (மேலறை அலை தொடங்கியதிலிருந்து கீழறை அலை தொடங்கும் வரையான நேரம்) 120 மில்லி செகண்டுக்குக் கீழே, அதாவது மூன்று சின்னக் கட்டத்துக்குள் இருக்கிறதா, கீழறையின் கியூ.ஆர்.எஸ். அலை ஏறத் தொடங்கும் இடத்தில் டெல்டா அலை என்ற சரிவு இருக்கிறதா, கியூ.ஆர்.எஸ். அகன்றிருக்கிறதா. டெல்டா எந்த லீடில் மேலே, எதில் கீழே என்று பார்த்தே பாதை இடப்பக்கமா, வலப்பக்கமா, நடுச்சுவரிலா என்று ஓரளவு சொல்லிவிடலாம். இடது பக்கச் சுவரில் இருப்பவைதான் அதிகம்.

எக்கோ கட்டாயம் எடுக்க வேண்டும். எப்ஸ்டைன் என்ற பிறவி வால்வுக் குறை இருப்பவர்களுக்கு வலப்பக்கத்தில் ஒன்றுக்கு மேற்பட்ட பாதைகள் இருக்கலாம். தசை தடித்த இதயம், பலவீனமான இதயம் இருந்தால் சில மருந்துகளைத் தொடவே கூடாது. மருந்துத் தேர்வின் பாதி எக்கோ அறிக்கையிலேயே இருக்கிறது.

ஹோல்டர் என்பது உடம்பில் மாட்டிவிடும் கருவியில் 24 மணி நேர ஈசிஜி பதிவு. கோடைக்காலத்தில் வியர்வையில் எலக்ட்ரோடு கழன்றுவிடும். அதனால் பொருத்துவதற்கு முன் குளித்துவிட்டு, எண்ணெய், பவுடர் எதுவும் போடாமல் வாருங்கள். படபடப்பு மாதத்துக்கு ஒருமுறைதான் வரும் என்றால் 24 மணி நேரத்தில் அது சிக்காது. ஆனாலும் டெல்டா அலை நாள் முழுக்க இருக்கிறதா, விட்டுவிட்டு வருகிறதா என்று தெரியும். விட்டுவிட்டு வரும் பாதை பொதுவாக வேகம் குறைந்தது. அதை மட்டும் வைத்து முழு நிம்மதி அடைந்துவிடவும் கூடாது.

ட்ரெட்மில்லில் பார்ப்பது நுட்பமான விஷயம். ஓட ஓடத் துடிப்பு ஏறும்போது, ஒரு துடிப்பில் டெல்டா இருந்து அடுத்த துடிப்பிலேயே முழுசாக மறைந்து பி.ஆர். நீண்டுவிட்டால், பாதை அந்த வேகத்தைத் தாங்காமல் நின்றுவிட்டது என்று பொருள். நல்ல செய்தி. மெல்ல மெல்லத் தேய்ந்து மறைந்தால் அப்படிச் சொல்ல முடியாது. ஓடும்போது ஏ.வி. கணு வேகமாகி, பாதையின் பங்கை மறைத்திருக்கலாம். அறிக்கையில் ‘டெல்டா மறைந்தது’ என்று மட்டும் இருந்தால், சட்டென்றா மெல்லவா என்று கேளுங்கள்.

மூன்றாம் படி: அடினோசின்

அடினோசின் ஏ.வி. கணுவைச் சில நொடிகளுக்கு மூடிவிடும் மருந்து. ரத்தத்தில் அதன் அரை ஆயுள், அதாவது அளவு பாதியாகக் குறைய ஆகும் நேரம், 10 நொடிக்கும் குறைவு. அதனால்தான் முழங்கை மடிப்பில் பெரிய நரம்பில் ஊசி போட்டு, 6 மி.கி. மருந்தைச் சட்டெனத் தள்ளி, பின்னாலேயே சலைனையும் வேகமாகச் செலுத்துகிறோம். பலன் இல்லையென்றால் 12 மி.கி.

படபடப்பு ஓடும்போது கொடுத்தால், ஏ.வி. கணு அந்த வட்டத்தில் ஒரு பகுதியாக இருக்கும்பட்சத்தில் வட்டம் அறுந்து படபடப்பு நிற்கும். மேலறையிலேயே உருவாகும் துடிப்பாக இருந்தால் அது பெரும்பாலும் நிற்காது. கீழறை சில நொடி ஓய்வெடுக்க, மேலறை அலைகள் மட்டும் தனியாகத் தெரியும். இயல்பான துடிப்பில் கொடுத்தால் இன்னொரு பயன் உண்டு: ஏ.வி. கணு மூடியதும் எல்லாம் கூடுதல் பாதை வழியாகவே இறங்குவதால், லேசாக மட்டும் தெரிந்த டெல்டா பெரிதாகத் தெரியும்.

இப்போது சென்னைக்காரர்களுக்கு முக்கியமான ஒன்று. காபியும் டீயும் அடினோசினுக்கு எதிரி. கஃபீன் அடினோசின் ஒட்டும் இடத்தைப் பிடித்துக்கொள்வதால் மருந்து வேலை செய்யாமல் போகலாம். வெறும் வயிற்றில் வரச் சொன்னால், “காபி மட்டும்தான் குடிச்சேன்” என்று வருபவர்கள் நிறைய. அதையும் குடிக்காதீர்கள். மூச்சுத்திணறலுக்குத் தியோஃபிலின் கலந்த மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கும் இதே சிக்கல். ஆஸ்துமா இருந்தால் அடினோசினே மூச்சுக்குழாயைச் சுருக்கலாம் என்பதால் முன்பே சொல்லுங்கள். ரத்தம் உறையாமல் இருக்கத் தரும் டைப்பிரிடமோல் சாப்பிடுகிறவர்களுக்கு நேர்மாறு, மருந்து பல மடங்கு ஏறி வேலை செய்யும்.

ஊசி போட்டதும் முகம் சிவந்து, நெஞ்சில் பாரம் வைத்ததுபோல் அழுத்தி, உயிரே போவதுபோல் சில நொடி இருக்கும். இதை முன்கூட்டியே யாரும் சொல்லாததால் நடுங்கிப்போனவர்களைப் பார்த்திருக்கிறேன். பத்துப் பதினைந்து நொடியில் கடந்துவிடும். அடினோசின் சிலருக்கு ஏஃபிப்பைக் கிளப்பிவிடும் என்பதால், பக்கத்தில் ஷாக் கொடுக்கும் கருவி இல்லாத இடத்தில் இந்தச் சோதனையைச் செய்யக் கூடாது.

நான்காம் படி: ஈ.பி. ஸ்டடிக்குத் தயாராவது

சென்னையில் கேத் லேப் நிறைய இருக்கிறது. எல்லாவற்றிலும் ஈ.பி. பதிவுக் கருவியும் அதைப் படிக்கப் பயிற்சி பெற்ற மருத்துவரும் இருக்கமாட்டார்கள். ஆஞ்சியோகிராம் செய்யும் இடமெல்லாம் இதையும் செய்யும் என்று நினைக்க வேண்டாம். பதிவு செய்யும்போதே ஈ.பி. நிபுணர் யார், அவர் எந்தெந்த நாள் வருகிறார், தேவைப்பட்டால் கூடுதல் பாதையைச் சுட்டு அழிக்கும் அப்லேஷனும் அதே அமர்விலேயே செய்வார்களா என்று கேளுங்கள். முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்ட அட்டை இருந்தால், ஆஸ்பத்திரியில் அந்தத் திட்டத்துக்கென இருக்கும் மேசையில் முன்பே ஃபைலைக் காட்டுங்கள். ஒப்புதல் வந்த பிறகுதான் தேதி கொடுப்பார்கள். வெளியூரிலிருந்து வருகிறவர்கள் இதற்காகவே ஒருமுறை அலைய நேரிடும், பழைய ஈசிஜி எல்லாவற்றையும் முதல் தடவையே எடுத்துவந்துவிடுங்கள்.

மருந்துகளை நிறுத்துவதுதான் பெரிய வேலை. பாதையின் உண்மையான வேகம் தெரிய வேண்டுமென்றால் அதன் மேல் மருந்தின் திரை இருக்கக் கூடாது. ஐந்து அரை ஆயுள் காலம் நிறுத்துவது பொது வழக்கம். மெட்டோப்ரொலால் ஓரிரண்டு நாளில் போய்விடும். ஃப்ளெக்கனைடுக்கு நான்கைந்து நாள். அமியோடரோன் கொழுப்பில் தங்கும் மருந்து, அது வெளியேற வாரக்கணக்கில், சில நேரம் மாதக்கணக்கில் ஆகும். இதை நீங்களாக நிறுத்த வேண்டாம், தேதியை மருத்துவர் எழுதித் தரட்டும். நிறுத்திய நாட்களில் படபடப்பு வந்தால் எங்கே போவது என்றும் அவரிடமே கேட்டுவிடுங்கள். ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுகிறவர்கள், கர்ப்பமாக இருக்கலாம் என்று சந்தேகம் உள்ளவர்கள் கட்டாயம் சொல்ல வேண்டும்.

அன்று காலை ஆறு மணி நேர வெறும் வயிறு. பொட்டாசியம் அளவு சரியாக இருக்க வேண்டும். முந்தைய நாள் வயிற்றுப்போக்கு, வாந்தி இருந்திருந்தால் மறைக்காதீர்கள்.

ஐந்தாம் படி: லேபுக்குள் நடப்பது

தொடை மடிப்பில் மரத்துப்போக ஊசி போட்டு, சிரை வழியாக மெல்லிய கம்பிகளை இதயத்துக்குள் அனுப்புவார்கள். வலது மேலறை, ஹிஸ் கற்றை, வலது கீழறை, இதயத்தின் பின்பக்கம் ஓடும் கரோனரி சைனஸ் என நான்கு இடங்கள். பெரியவர்களுக்குப் பெரும்பாலும் லேசான மயக்கம் மட்டும் கொடுப்போம், ஆழ்ந்த மயக்கத்தில் சில துடிப்புகள் கிளம்பவே கிளம்பாது. நீங்கள் விழித்திருந்து எங்களோடு பேசலாம்.

முதலில் எதையும் தூண்டாமல் அளக்கிறோம். மேலறையிலிருந்து ஹிஸ் வரை ஏ.எச். இடைவெளி, இயல்பாகச் சுமார் 60 முதல் 125 மில்லி செகண்ட். ஹிஸ்ஸிலிருந்து கீழறை வரை எச்.வி., இயல்பாக 35 முதல் 55. கூடுதல் பாதை கீழ்நோக்கிக் கடத்தினால் எச்.வி. குறையும். சிலருக்கு ஹிஸ் எழும்புவதற்கு முன்பே கீழறை துடித்திருக்கும், எச்.வி. பூச்சியத்துக்கும் கீழே போகும்.

அடுத்து கீழறையைத் தூண்டி, மின்னலை எந்த வழியாக மேலே ஏறுகிறது என்று பார்க்கிறோம். நடுவில் ஹிஸ் பக்கம் முதலில் வந்தால் ஏ.வி. கணு வழியாக ஏறியிருக்க வாய்ப்பு அதிகம். கரோனரி சைனஸின் கடைசி முனையில் முதலில் வந்தால் இடது ஓரத்தில் பாதை இருக்கிறது. மறைந்த பாதைகள் இங்கேதான் வெளிவருகின்றன.

இப்போது முக்கியமான எண். மேலறையை எட்டுத் துடிப்புகள் ஒரே சீராக, உதாரணமாக 600 மில்லி செகண்ட் இடைவெளியில் தூண்டி, ஒன்பதாவதை முன்கூட்டியே கொடுக்கிறோம். முதலில் 400, பிறகு 390, 380 என்று பத்துப் பத்தாகக் குறைக்கிறோம். டெல்டா அலை வந்துகொண்டே இருக்கும். எடுத்துக்காட்டாக 280இல் டெல்டா இருந்து, 270இல் சட்டென்று மறைந்து கியூ.ஆர்.எஸ். குறுகிவிட்டால், அந்தப் பாதையின் ஓய்வுக் காலம் 270. இதைவிட நெருங்கி வரும் துடிப்பை அது கடத்தாது. 1967இல் ஆம்ஸ்டர்டாமில் டிரர் குழுவினர் இப்படித் திட்டமிட்டுத் தூண்டி டபிள்யூ.பி.டபிள்யூ. துடிப்பைக் கிளப்பவும் நிறுத்தவும் முடியும் என்று காட்டினார்கள். கருவிகள் எவ்வளவோ மாறிவிட்டன, தர்க்கம் அதேதான்.

600இல் ஒருமுறை அளந்ததோடு முடிவதில்லை. 400 இடைவெளியில், அதாவது நிமிடத்துக்கு 150 வேகத்தில், மறுபடி அளப்போம். வேகம் கூடும்போது பாதையின் ஓய்வுக் காலம் குறைவது வழக்கம். அப்புறம் ஐசோப்ரீனலின் சொட்டு மருந்து ஏற்றுவோம். ஓடும்போதும் பயப்படும்போதும் உடலில் சுரக்கும் அட்ரினலின் செய்வதை அது செய்யும். படுத்திருக்கையில் 290 காட்டிய பாதை ஐசோப்ரீனலினில் 230க்கு இறங்குவது உண்டு. மைதானத்தில் மயங்கி விழுந்த பையனுக்கு, படுத்த நிலை எண்ணை மட்டும் வைத்து ‘பயமில்லை’ என்று எழுதிவிட முடியாது. அறிக்கையில் இரண்டு எண்களும் தனித்தனியாக இருக்கின்றனவா என்று பாருங்கள்.

துடிப்பைக் கிளப்பி, அதன் வட்டத்தில் எந்தெந்தப் பாதை பங்கெடுக்கிறது என்றும் உறுதி செய்வோம். தேவைப்பட்டால் ஏஃபிப்பைக் கிளப்பி, முன்பு சொன்ன 250ஐ நேரடியாக அளப்போம். அந்த நேரத்தில் உங்களுக்கு வழக்கமான படபடப்பு வரும். “இதேதானா உங்களுக்கு வர்றது?” என்று கேட்போம். யோசித்துப் பதில் சொல்லுங்கள், அதுவும் ஓர் அளவீடுதான்.

ஆறாம் படி: மருந்துக்குப் பாதை எப்படிப் பதில் சொல்கிறது

மருந்துகளை இங்கே மூன்றாகப் பிரித்துக்கொண்டால் போதும்.

ஏ.வி. கணுவை மட்டும் மெதுவாக்குபவை: வெரபமில், டில்டியாசெம், டிகாக்சின், அடினோசின். கூடுதல் பாதையின் ஓய்வுக் காலத்தை இவை நீட்டுவதில்லை. டிகாக்சின் சிலருக்குக் குறைக்கவே செய்யும். பீட்டா பிளாக்கர்களும் பாதையை நேரடியாக அதிகம் தொடுவதில்லை, அட்ரினலினின் உந்துதலை மட்டும் தணிக்கின்றன. மறைந்த பாதைக்கும் ஏ.வி. கணுவுக்குள் சுற்றும் துடிப்புக்கும் வெரபமில் அல்லது பீட்டா பிளாக்கர் நல்ல மருந்து, ஏனென்றால் வட்டத்தில் ஏ.வி. கணு ஒரு கை. ஆனால் டெல்டா அலை உள்ளவருக்கு ஏஃபிப் வந்திருக்கும்போது வெரபமில் ஊசி போட்டால், ரத்த அழுத்தம் இறங்கி, ஏ.வி. கணு வழி அடைபட்டு, எல்லாம் கூடுதல் பாதையிலேயே பாயும். கீழறை நடுக்கம் வரை போகலாம். அகன்ற, ஒழுங்கற்ற, மிக வேகமான துடிப்பு என்றால் வெரபமில், டில்டியாசெம், டிகாக்சின், அடினோசின், நரம்பு வழி அமியோடரோன் எதுவும் வேண்டாம். ரத்த அழுத்தம் விழுந்தால் உடனே ஷாக், தாங்கினால் புரோக்கெய்னமைடு அல்லது இபுடிலைடு. உங்களுக்கு டெல்டா அலை இருந்தால், ‘டபிள்யூ.பி.டபிள்யூ. உள்ளது, ஏஃபிப் வந்தால் வெரபமில், டிகாக்சின் தர வேண்டாம்’ என்று எழுதிய சீட்டைப் பர்ஸில் வையுங்கள். இந்தக் கட்டுரையில் ஒன்றே ஒன்றைச் செய்வதென்றால் இதைச் செய்யுங்கள்.

பாதையையே மெதுவாக்குபவை: ஃப்ளெக்கனைடு, ப்ரோபஃபெனோன், புரோக்கெய்னமைடு, அஜ்மலின். இவை தசைநாரில் சோடியம் நுழைவதைத் தடுக்கின்றன. அஜ்மலினுக்கு நம் துணைக்கண்டத்துக் கதை ஒன்று உண்டு. சர்ப்பகந்தா வேரிலிருந்து சலிமுஸ்ஸமான் சித்திகி 1931இல் டெல்லியில் பிரித்தெடுத்து, ஹக்கீம் அஜ்மல் கானின் பெயரை வைத்தார். பின்னாளில் நெதர்லாந்தின் ஹைன் வெல்லன்ஸ் குழு அதையே பாதையின் வேகத்தைச் சோதிக்கப் பயன்படுத்தியது. குறிப்பிட்ட அளவு அஜ்மலினை நரம்பில் செலுத்தி டெல்டா அலை சட்டென மறைந்தால், ஓய்வுக் காலம் நீளமான, அதனால் ஆபத்துக் குறைந்த பாதை. மறையாவிட்டால் வேகமானதாக இருக்கலாம். புரோக்கெய்னமைடை வைத்தும் இதைச் செய்வார்கள். இந்த ஊசிகள் எல்லா இடத்திலும் கிடைப்பதில்லை, விடையும் ஈ.பி. அளவீடு அளவுக்குத் துல்லியமில்லை. அதனால் இப்போது இந்தச் சோதனை குறைந்துவிட்டது.

இரண்டையும் செய்பவை: அமியோடரோன், ஓரளவுக்கு சோடலால்.

லேபில் மருந்துச் சோதனை செய்யும் விதம் நேரானது. மருந்தில்லாமல் அளந்த எண்ணைக் குறித்துக்கொண்டு, மருந்தை நரம்பில் கொடுத்து, அதே எட்டுத் துடிப்புத் தூண்டலை மறுபடி செய்கிறோம். 270 இருந்தது 340 ஆனதா? துடிப்பு இன்னும் கிளம்புகிறதா? கிளம்பினால் முன்பைவிட மெதுவாகவா? இதோடு நிறுத்திவிடக் கூடாது என்பது என் உறுதியான கருத்து. மருந்து உடம்பில் இருக்கும்போதே ஐசோப்ரீனலினையும் ஏற்றி இன்னொருமுறை அளக்க வேண்டும். 340 மறுபடி 280க்கு வந்துவிட்டால், வீட்டில் ஓய்வாக இருக்கும்போது காக்கும் மருந்து படியேறும்போது காக்காது என்று தெரிந்துவிடும். அப்படிப்பட்டவருக்குப் பீட்டா பிளாக்கரையும் சேர்ப்பதா, அப்லேஷனுக்குப் போவதா என்று மருத்துவர் யோசிப்பார்.

ஒரு காலத்தில் ஒவ்வொரு மருந்தாகக் கொடுத்து நாள்கணக்கில் இப்படி அளப்பார்கள். அப்லேஷன் வந்த பிறகு அது தேவைப்படுவது சிலருக்குத்தான்: பாதை ஹிஸ் கற்றைக்கு ஒட்டியே இருப்பவர்கள், எடை குறைந்த குழந்தைகள், கர்ப்பிணிகள், அப்லேஷன் வேண்டாம் என்று முடிவெடுத்தவர்கள்.

மாத்திரை தொடங்கிய பிறகு

ஃப்ளெக்கனைடு தொடங்கினால் சில நாளில் ஈசிஜி மறுபடி எடுக்க வேண்டும். கியூ.ஆர்.எஸ். முன்பிருந்ததைவிட 25 சதவீதத்துக்கு மேல் அகன்றால் அளவைக் குறைப்பார்கள் அல்லது நிறுத்துவார்கள். மாரடைப்பு வந்தவர்களுக்கு இந்த மருந்து கிடையாது. 1989இல் வெளியான காஸ்ட் ஆய்வில், மாரடைப்புக்குப் பின் இதைச் சாப்பிட்டவர்களில் இறப்பு கூடியது. அமியோடரோன் என்றால் தைராய்டு, கல்லீரல் ரத்தப் பரிசோதனை ஆறு மாதத்துக்கு ஒருமுறை, கண், நுரையீரல் கவனிப்பும் சேர்த்து. இளவயதினருக்குப் பல வருடம் அமியோடரோன் கொடுத்துவைப்பதைப் பார்க்கும்போது எனக்கு வருத்தமாக இருக்கும். பெரும்பாலோருக்கு அதைவிட நல்ல வழி இருக்கிறது.

இயல்பான பாதையே வேகமில்லாமல், அடைபடுவதாக இருந்தால்

இதே மேசையில் நேர்மாறான கேள்வியோடும் சிலர் வருவார்கள். வயதானவர், மயங்கி விழுந்திருப்பார், ஈசிஜியில் கிளை அடைப்பு. இங்கே முக்கியம் எச்.வி. இடைவெளி. 70 அல்லது அதற்கு மேல் என்றால் பேஸ்மேக்கர் பக்கம் முடிவு சாயும். இடைப்பட்ட எண்ணாக இருந்தால் அஜ்மலின் அல்லது புரோக்கெய்னமைடு கொடுத்துப் பார்ப்பார்கள். எச்.வி. 100ஐத் தொட்டாலோ, ஹிஸ்ஸுக்குக் கீழே அடைப்பு விழுந்தாலோ பேஸ்மேக்கர்தான். துடிப்பை வேகப்படுத்தும் அட்ரோப்பின் ஊசியும் துப்பு கொடுக்கும். அடைப்பு ஏ.வி. கணுவில் என்றால் அட்ரோப்பினில் சரியாகும். கீழே என்றால் மேலிருந்து வரும் வேகம் கூடி, அடைப்பு மோசமாகும்.

அப்லேஷனும் அதற்குப் பிறகும்

பாதை வேகமானது, இடமும் வசதியானது என்றால் அதே அமர்வில் ரேடியோ அலை வெப்பத்தால் சுட்டுவிடுவார்கள். 90 சதவீதத்துக்கு மேல் வெற்றி. ஹிஸ்ஸுக்கு அருகில் சுடும்போது ஏ.வி. கணு கெட்டு பேஸ்மேக்கர் தேவைப்படும் அபாயம் உண்டு. அந்த இடத்துப் பாதைகளுக்குக் குளிர்வித்து அழிக்கும் முறையும் இருக்கிறது. சுட்ட பிறகு சுமார் அரை மணி நேரம் காத்திருந்து, அடினோசின் கொடுத்து மறுபடி பார்ப்போம். ஏ.வி. கணு மூடிய அந்த நொடிகளில் ஒரு துடிப்பும் இறங்கவில்லை என்றால் பாதை போய்விட்டது.

சில மணி நேரம் காலை மடக்காமல் படுத்திருக்க வேண்டும். பெரும்பாலும் மறுநாள் வீட்டுக்குப் போகலாம். ஒரு வாரம் கனம் தூக்க வேண்டாம், பைக்கை உதைத்து ஸ்டார்ட் செய்ய வேண்டாம். தொடையில் வீக்கம் பெரிதானாலோ, மூச்சுத்திணறலோ நெஞ்சுவலியோ வந்தாலோ உடனே வந்துவிடுங்கள்.

வீட்டுக்குப் போகும்முன் அறிக்கையில் இவை இருக்கின்றனவா என்று பாருங்கள்: பாதையின் இடம், மருந்தில்லாத ஓய்வுக் காலம், ஐசோப்ரீனலினில் ஓய்வுக் காலம், ஏஃபிப்பில் மிகக் குறைந்த இடைவெளி, கொடுத்த மருந்தும் அதற்குப் பிறகான எண்ணும். முதல் சில வாரம் ஒன்றிரண்டு துடிப்பு தவறியதுபோல், படபடப்பு தொடங்கப்போவதுபோல் தோன்றும். பெரும்பாலும் அது தனியான கூடுதல் துடிப்புதான். ஆனால் பழைய படபடப்பே தொடர்ந்து ஓடினால், நூற்றில் சிலருக்குப் பாதை மறுபடி உயிர்பெறுவது உண்டு. அப்போதும் ஊசிக்கு முன் ஒரு ஈசிஜி எடுக்கச் சொல்லி, அறிக்கையோடு சேர்த்து எடுத்து வாருங்கள்.